கண்ணில்லாத மரம்

ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கும் குரூடியா செய்லனிகா மரமும் இலங்கைக்கே உரியவை. இரண்டுமே அழிந்துவிட்டதாக எண்ணப்பட்டு மீண்டும் தென்பட்டவை. எங்கள் உயிரியல் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். தேவாங்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குரூடியாவை இருவருக்கு மட்டுமே.

1937இன் பின் மிக அரிதாகவே காணப்பட்ட அந்தத் தேவாங்கின் புகைப்படம் 2010இல் உலகெங்கும் வெளியானது. ஒரு சாண் உடலில் அவ்வளவு பெரிய கண்கள்! யாருக்குத்தான் இரக்கம் வராது? (அதே கண்களை நாட்டு மருந்துக்கென்று பிடுங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள்.)

மரத்துக்குக் கண்ணில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குரூடியாவை 2012ஆம் ஆண்டின் தேசிய செம்பட்டியல் அழிந்த இனமாகக் குறித்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தரலுவையில் ஒரு மரம் அடையாளம் காணப்பட்டது. 2021இல் மத்திய அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப்போவதாகச் செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே நம்மில் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டோம்.

என்னைக் கேட்டால், மரத்தின் நிலைதான் அவசரமானது. தேவாங்கு அடுத்த கிளைக்காவது ஊர்ந்து போகும். வீதிக்கோடு தன்மேல் விழுந்தால் மரம் எங்கே போகும்? பெயர்த்து வேறிடத்தில் நடலாமே என்பார்கள். முதிர்ந்த மரம் வேரறுந்தால் பிழைக்குமென்று யார் உறுதி தருவது?

தேவாங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. மலைக்காடுகள் தேயிலைக்காகத் துண்டுதுண்டானதால்தானே அதுவும் அருகியது? மரத்தை மறந்துவிட்டு அதன்மேல் வாழும் பிராணியை எப்படிக் காப்பது? நெடுஞ்சாலைக்கு வரைபடம் வரையுமுன் தாவரவியலாளர் ஒருவர் அந்த நிலத்தில் நடந்து பார்க்கட்டும். மரம் வெட்டும் நாள் குறித்த பின்னர் அல்ல.