பொம்மைக் கார் என்று ஒதுக்காதீர்கள்

அறிவியல் கண்காட்சி என்றால் எரிமலை, சூரிய சக்தி விசிறி, பெட்டியோடு வாங்கிய ரோபோ ஆகியவை எப்படியும் வந்துவிடும். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாணவன் பழைய கார் ஒன்றின் மாதிரியைப் பொருத்தி, சாயம் பூசிக் கொண்டுவந்தால் என்ன நடக்கிறது? அண்மையில் ஒரு கண்காட்சியில் இரண்டாம் படிவ மாணவன் ஒருவனின் கார், மதிப்பெண் இல்லாத கைவினை மேசைக்குப் போனது. “இதில் அறிவியல் எங்கே?” என்றார் நடுவர். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைக் கேட்க அவர் நிற்கவில்லை.

அவன் செய்தது 1966ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் பீட்டில். மலாய்க்காரர்கள் ‘கூரா-கூரா’, அதாவது ஆமை, என்று செல்லமாக அழைக்கும் கார். 21 மில்லியனுக்கும் மேல் தயாரிக்கப்பட்டு, கடைசிக் கார் 2003இல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் இதை 1:24 அளவில் பொருத்து பெட்டியாக விற்கிறது.

1:24 என்பது என்ன? நிஜக் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். மாதிரியில் சரியாக 100. இது சுலபம். இப்போது எடையைப் பாருங்கள். நிஜக் கார் ஏறக்குறைய 800 கிலோ. 24ஆல் வகுத்து 33 கிலோ என்று சொல்லும் மாணவர்கள் நிறையப் பேர். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 24 மடங்கு சுருங்குவதால் 24ஐ மூன்று முறை பெருக்கி, 13,824ஆல் வகுக்க வேண்டும். விடை 58 கிராம், ஒரு கோழி முட்டையின் எடை! 1,285 சிசி இயந்திரமும் அப்படியே சுருங்கினால் அதில் கொள்வது இரண்டு துளி தண்ணீர்தான். விகிதப் பாடத்தில் பலமுறை சொல்லியும் பதியாத இது, மாதிரியைக் கையில் எடுத்தால் பதிந்துவிடுகிறது.

உண்மையான சோதனை சாயத்தில்தான் இருக்கிறது. நிஜக் காரின் சாயப் படலம் சுமார் 0.1 மில்லிமீட்டர். மாதிரியிலும் அதே தடிமனுக்குப் பூசினால், நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். கதவின் இரும்புத் தகடே அவ்வளவு தடிமன் இல்லை! கதவைச் சுற்றியுள்ள இடைவெளி நிஜத்தில் 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.17. இரு ஓரங்களிலும் 0.1 பூசினால் இடைவெளியே அடைந்துவிடும். கார் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கியதுபோல் ஆகிவிடும். மெல்லிய பூச்சாகப் பல தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்பதன் காரணம் இந்தக் கணக்குதான்.

அதையும் எந்த நாளில் அடிப்பது? மழை பெய்து ஓய்ந்த மாலையில் லேக்கர் சாயத்தை ஸ்பிரே செய்தால், பளபளக்க வேண்டிய மேற்பரப்பில் பால் படிந்ததுபோல் வெள்ளை படரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நுண்துளிகளாகப் படிந்து, சாயத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். வறண்ட நாட்டில் எழுதிய செய்முறை நம் ஊரில் அப்படியே பலிக்காது. காற்றின் ஈரப்பதத்தைக் குறித்துவைத்து, எந்த நாளில் பூச்சு நன்றாக வந்தது என்று ஒப்பிடும் மாணவன் ஆய்வுதான் செய்கிறான். (ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். தின்னர் ஆவி உடலுக்குக் கேடு.)

பசையிலும் இப்படியே. பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு ஓரங்களையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்குகிறது. சூப்பர் பசையோ ஈரத்தால் இறுகுவது. அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெண்மையாகப் படிந்து அவற்றைக் கெடுக்கும். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த பொருள்களில் கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் காவல் துறையினர் பயன்படுத்துகிறார்கள்.

“கடையில் இதைவிட நேர்த்தியான உலோகக் கார் கிடைக்கிறதே” என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கியவனிடம் துரு எங்கே பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பீட்டிலின் மின்கலம் பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அமிலமும் ஈரமும் சேர்ந்து அந்தத் தரைத்தகட்டைத் தின்னும். பக்கவாட்டு மிதிபலகையின் ஓரங்களிலும் தண்ணீர் தங்கும். துருவைக் கண்ட இடத்திலெல்லாம் தெளித்தால் பொய்யாகத் தெரியும். தண்ணீர் எங்கே தங்குகிறது என்று யோசித்தவனுடைய துருவே உண்மையாகத் தெரியும்.

பொருத்து பெட்டிகள் விலை குறைந்தவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே வெற்றி என்று ஆகிவிடக் கூடாது. தானியப் பெட்டி அட்டையில் அளவெடுத்து வெட்டிய காரையும் அதே மேசையில் வைக்க வேண்டும். கதவு இடைவெளிக் கணக்கு அட்டைக்கும் ஒன்றுதான்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களிடம் என் கோரிக்கை இதுதான்: மாதிரியோடு ஒரு குறிப்பேட்டையும் கேளுங்கள். நிஜக் காரின் அளவுகள், விகிதக் கணக்கு, ஒவ்வொரு பூச்சின் தேதியும் வானிலையும், கெட்டுப்போன பூச்சும் அதன் காரணமும் அதில் இருக்கட்டும். குறிப்பேடு இல்லாத கார் கைவினை மேசைக்கே போகட்டும், ஆட்சேபம் இல்லை. அந்த மாணவனிடம் குறிப்பேடு இருந்தது. 14 பக்கம். யாரும் திறந்து பார்க்கவில்லை.