தேதியை மாற்றுவதா, வேலியைப் போடுவதா?

ரவுடிக் கூட்டம் வருகிறதாம்! ஆகவே தேதியை மாற்றிவிட வேண்டுமாம்!

மோட்டார்ப் பந்தயமானாலும் சரி, மாட்டு வண்டிப் பந்தயமானாலும் சரி, கரடுமுரடான மண்ணிலே காரை ஏற்றி இறக்கிக் காட்டும் விழாவானாலும் சரி, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், மறுநாளே இந்த யோசனை கிளம்பிவிடுகிறது. விடுமுறை நாளில் வைப்பதால்தானே கும்பல் சேருகிறது, வேலை நாளில் வையுங்கள், விடியற்காலையில் வையுங்கள், ஊருக்குச் சொல்லாமலே வையுங்கள், உண்மையான ரசிகர்கள் மட்டும் வருவார்கள், ஆட்டம் ஒழுங்காக நடக்கும் என்கிறார்கள். கேட்பதற்கு நயமாகத்தான் இருக்கிறது. யாரையும் அடிக்கவில்லை, யாரையும் விரட்டவில்லை, காலண்டரிலே ஒரு தாளைத் திருப்பினோம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால், தோழர்களே, அந்தத் தாள் திரும்பும்போது வெளியே விழுகிறவன் யார் என்று நாம் பார்க்க வேண்டாமா?

அண்டை நாட்டிலே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மலைநாட்டில் தியத்தலாவை என்று ஓர் ஊர். இராணுவத்தின் ஊர் என்றே சொல்லலாம். அங்கே ‘பாக்ஸ் ஹில்’ என்ற மண் மேட்டில் - நரிக்குன்று என்று நாம் தமிழ்ப்படுத்திக் கொள்ளலாம் - கார்களும் மோட்டார் சைக்கிள்களும் செம்மண் கிளப்பிக்கொண்டு பாய்ந்தோடும் பந்தயம் நீண்ட காலமாக நடந்து வந்தது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மலைநாட்டுக்கு மக்கள் திரளாகப் போகும் காலம் அது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தயம் மீண்டும் நடந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்றார்கள். ஒரு இலட்சம் பேர் அளவில் கூடியிருந்தார்கள் என்று ஏடுகள் எழுதின. ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். பந்தயப் பணியில் நின்றவர்களும் அதில் உண்டு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு.

அந்தச் சிறுமி ரவுடியா?

கூட்டத்தைக் குறை கூறுவோர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். மண் பாதையில் ஓடும் கார் வளைவிலே திரும்பும்போது வழுக்கினால், அது உள்பக்கம் போகாது. வந்த வேகத்தில் வெளிப்பக்கம்தான் போகும். வேடிக்கை பார்க்க வந்தவனுக்கோ அந்த வெளிப்பக்கம்தான் நல்ல இடம். அங்கே நின்றால்தான் கார் நேரே தன்னை நோக்கி வருவதுபோலத் தெரியும். ஆகவே எங்கே காரும் வரக்கூடுமோ, அங்கேயே மனிதனும் நிற்கிறான். இது குடித்தவன் குடிக்காதவன், படித்தவன் படிக்காதவன் என்ற பேதம் பார்க்காத விஷயம். பந்தயம் நடத்துகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். வளைவின் வெளிப்பக்கத்தைக் காலியாக வைப்பதும், மண் கரை எழுப்புவதும், கரைக்கு வெகு பின்னால் வேலி போடுவதும், வேலியைத் தாண்டி ஒருவன் வந்தாலும் கொடியை அசைத்துப் பந்தயத்தையே நிறுத்துவதும் அவன் கடமை. ஞாயிற்றுக்கிழமை வரும் கார் பாய்ந்தால் சாவான், செவ்வாய்க்கிழமை பாய்ந்தால் சாக மாட்டான் என்று எந்த விஞ்ஞானத்திலும் எழுதவில்லை!

மேல்நாட்டுக்காரன் என்ன செய்தான் என்று கேட்கும் பழக்கம் நம் பெரிய மனிதர்களுக்கு உண்டு. சொல்லுவோம். 1986 மார்ச் மாதம் போர்ச்சுகல் நாட்டு மோட்டார் ராலியில், பாதையின் இருபுறமும் சுவர்போல் நெருங்கி நின்ற கூட்டத்துக்குள் ஒரு கார் புகுந்தது; மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அடுத்த மே மாதம் கோர்சிகா தீவிலே ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் தீயிலே மாண்டார்கள். பிறகு என்ன நடந்தது? பந்தயத்தை வேறு கிழமைக்கு மாற்றினார்களா? இல்லை. ‘குரூப் பி’ என்ற அந்தக் கட்டுக்கடங்கா வேக வண்டி வகையையே மறு ஆண்டிலிருந்து தடை செய்தார்கள். அபாயம் எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடத்திலே கை வைத்தார்கள்.

இனி நம் பக்கம் வருவோம்.

செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அங்கே உண்டு. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தோன்றியது. அந்த ஓடுதளத்திலே ஆண்டுக்கு ஆண்டு பந்தயம் நடத்தியது. நாம் அதைப் பார்க்கும் வயதில் பிறக்கவில்லை. ஆனால் வடசென்னையில் மூத்த தொழிலாளி எவரையாவது கேட்டுப் பாருங்கள். சோழவரம் என்றதும் முகம் மலரும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஒரு சைக்கிளில் இருவராகப் போன கதையைச் சொல்லுவார். மன்னர் குடும்பத்தாரும் ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் காரை ஓட்டினார்கள். வெயிலிலே நின்று கை தட்டியவன் நம்மவன்.

கை தட்ட மட்டுமா நம்மவன்? 1955-ல் திருவொற்றியூரிலே என்பீல்டு தொழிற்சாலை. புல்லட் மோட்டார் சைக்கிளை இணைத்துப் பூட்டி வெளியே அனுப்பிய கை யாருடையது? 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலே ஆஸ்டின் கார்களை இணைத்தது. 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. அங்கே ஸ்பானர் பிடித்தவன் யார்? 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டயர் செய்த எம்.ஆர்.எப்.; மோட்டார்ப் பந்தயத்திலே இன்றும் முன்னால் நிற்கும் பெயர் அது. அந்த ரப்பரின் வெப்பத்தைத் தோலிலே வாங்கியவன் யார்? எஞ்சினின் இரைச்சலைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லத் தெரிந்தவன் இந்தப் பகுதியிலே தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறான். வண்டி செய்யும்போது அவன் பெயர் ‘திறமைசாலித் தொழிலாளி’. அதே வண்டி ஓடுவதைப் பார்க்க வந்தால் அவன் பெயர் ‘ரவுடிக் கும்பல்’!

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ரவுடி’ நம் சொல் அல்ல. வெள்ளைக்காரனோடு வந்து, போலீஸ் ஏட்டிலே குடியேறி, அவன் போன பிறகும் காலி செய்ய மறுக்கும் சொல். இராயபுரம், காசிமேடு என்று வாயைத் திறந்தாலே சினிமாக்காரர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிடுகிறார். துறைமுகத்திலே விடியவிடிய மூட்டை தூக்கியவனுக்கும், கட்டுமரத்திலே அலையோடு போராடியவனுக்கும் இந்தப் படங்களில் வேலையே கிடையாது.

சோழவரத்துப் பந்தயம் போய்விட்டது. 1990-ல் திருப்பெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தளம் வந்தது. பாதுகாப்பான தளம், விமானம் இறங்கப் போட்ட நிலத்தை விட மேலானது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர்க்காரனுக்கு அது நகரத்தின் மறு கோடி. சைக்கிளில் போகும் தூரமா அது?

பிறகு பந்தயம் நகரத்துக்குள்ளேயே வந்தது. தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர், பார்முலா 4, இரவுப் பந்தயம். 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்தது; தேதி தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடந்தது. புயலுக்காகத் தள்ளினார்கள், சரியான செயல். மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்திலே கறுப்பாகப் படிந்து, மீனவர் படகும் வலையும் பாழான நாட்கள் அவை. அந்த நேரத்தில் பந்தயமா நடத்துவது? இது மக்களுக்காகத் தேதியை மாற்றுவது. மக்கள் வரக்கூடாது என்பதற்காகத் தேதியை மாற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அலங்காநல்லூரைப் பாருங்கள். 2017 ஜனவரியில் மாணவரும் இளைஞரும் கடற்கரையிலே திரண்டு நின்ற பிறகு அவசரச் சட்டம் வந்தது. 22-ஆம் தேதி சல்லிக்கட்டு என்று அறிவித்து, அன்றைய முதலமைச்சரே மதுரைக்கு வந்துவிட்டார். ஊரார் வாடிவாசலைத் திறக்கவில்லை. நிரந்தரச் சட்டம் வரட்டும் என்றார்கள். பிப்ரவரி 10-ல்தான் காளைகள் வந்தன. தேதியை மாற்றியவர்கள் யார்? ஊர் மக்கள்! 2022-ல் கொரோனா ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஜனவரி 16-ல் நடக்க வேண்டியது 17-க்குப் போயிற்று. நோய்க்காக ஒரு நாள் தள்ளிப்போனதை ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் காளையைப் பார்க்க முரட்டுப் பையன்கள் வருகிறார்கள், ஆகவே சல்லிக்கட்டைப் பங்குனி மாதத்துப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள் என்று ஒருவர் அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்! மாற்றாக என்ன செய்தார்கள்? இரட்டைத் தடுப்பு வேலி போட்டார்கள், மாடுபிடி வீரர்களுக்கு முன்பதிவு வைத்தார்கள், மருத்துவரை நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் அரங்கமே கட்டித் திறந்தார்கள். விபத்து அடியோடு ஒழிந்ததா என்றால் இல்லை. ஆனால் வேலை நடந்த திசை சரியான திசை.

முரட்டுத்தனமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. பந்தயத்துக்குப் பாட்டிலோடு வருகிறவன் உண்டு. ஓடும் வண்டிக்கு முன்னால் செல்போனை நீட்டிக்கொண்டு குதிக்கிறவன் உண்டு. கூட்ட நெரிசலைச் சாக்கிட்டுப் பெண்களிடம் கை நீட்டுகிற கயவன் உண்டு. அவனைப் பிடித்து ஒப்படைப்பது போலீசுக்கு முன்னால் நம் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை. நம் மாநாடுகளிலே இலட்சக்கணக்கில் கூடுகிறோமே. கயிறு பிடித்து வழி விட்டு, தாய்மார்களுக்குத் தனி இடம் ஒதுக்கிக் காப்பவர்கள் யார்? தொண்டர் படையிலே நிற்பவன் இதே தண்டையார்ப்பேட்டைப் பையன்தான். பொறுப்பைக் கொடுத்தால் காவலனாகிறான். விரட்டினால்தான் வேலி தாண்டுகிறான். பத்துப் போக்கிரிக்காகப் பத்தாயிரம் பேரின் ஞாயிற்றுக்கிழமையைப் பறிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

நேரத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால், எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சாட்சி. 2024 அக்டோபர் 6 ஞாயிறு, விமானப்படையின் சாகசக் காட்சி. பதினைந்து இலட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். காலை பதினொரு மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் முடிந்தது. ஐந்து பேர் உயிர் போயிற்று. அன்றைக்கு அங்கே ரவுடித்தனம் எதுவும் இல்லை. குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். கொன்றது வெயிலும் தாகமும் திரும்பிப் போக வழியில்லாத நெரிசலும். அந்தக் காட்சியை வெயில் தாழ வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நாம் இரண்டு கையையும் தூக்கி ஆதரிப்போம். கிழமை அதேதான், மணியை மாற்று, தண்ணீர் வை, ரயிலைக் கூட்டு!

வேலை நாளில் வைக்கலாமே என்கிறவர், மூன்று ஷிப்டு வாழ்க்கையை அறியாதவர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. மீனவர் குடும்பம் கடலும் மார்க்கெட்டும் வைத்த கணக்கிலே நடக்கிறது. விடுமுறை நாளும் மலிவான டிக்கெட்டும் இல்லாவிட்டால், ‘உண்மையான ரசிகர்’ என்பதற்குப் பொருள் ‘ஓய்வும் பணமும் உள்ளவர்’ என்பதுதான். சொல்லாமல் சொல்லுகிற சேதி அது.

இதிலே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம்மை உறுத்துவது அதுதான். பந்தயத்தைக் கண்ணில் படாமல் மறைத்தால் பையனின் வேக ஆசை மறைந்துவிடுமா? ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் மேம்பாலங்களை மூடுகிறார்கள். தடுப்புக் கம்பிகளை இழுத்துவிடுகிறார்கள். மூடட்டும், உயிர் பெரிது. ஆனால் மறுநாள் கம்பியை எடுத்த பிறகு அவன் எங்கே போகிறான்? சைலன்சரைக் கழற்றிவிட்டு எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகிறான். ஒருபுறம் கடற்கரைக் கற்கள். மறுபுறம் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடுவிலே விளக்கில்லாமல் நின்றுவிட்ட ஒரு டிரெய்லர் போதும். ஹெல்மெட் இல்லை, வேலி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. காலையிலே தாய் வந்து அழுகிறாள். அந்தப் பந்தயத்துக்கு யாரும் தேதி குறிப்பதில்லை, மாற்றுவதும் இல்லை.

வடசென்னையிலே ஒரு மண் திடல் வேண்டும். பெரிய மாளிகை கேட்கவில்லை. குன்றும் பள்ளமுமாக வெட்டிய பாதை, வளைவுக்கு வெளியே மண் கரை, அதற்கும் பின்னால் இரட்டை வேலி, பெண்களுக்குத் தனி வாயில், குடிநீர், ஒரு ஆம்புலன்ஸ், பழகுகிற பையனுக்குக் கற்றுத்தர ஓர் ஆசிரியர். வண்டி பழுது பார்க்கவும் கொடி பிடிக்கவும் ஆள் தேட வேண்டியதில்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் கூப்பிட்டால் வருவார்கள். டிக்கெட் ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேலே போகக்கூடாது. நாள் ஞாயிற்றுக்கிழமை. நேரம், வெயில் தாழ்ந்து மாலை நான்கு மணி. திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் உள்ள நம் தோழர்கள் இந்தக் கோரிக்கையை வட்டக் கூட்டங்களிலே வைத்து, கையெழுத்து வாங்கி, மாநகராட்சி உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டு சேர்க்கட்டும்.