கணக்குக் கேட்பது அவமானமா?

"அவர் தங்கமான மனுஷன். அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?"

இந்தப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். கூட்டுறவு பண்டகசாலையில் கேட்டிருக்கிறோம். ஊர்ப் பொதுக் காரியத்திலும் கேட்டிருக்கிறோம். கேள்வி கேட்க எழுந்தவன் வாயைப் பூட்ட இதைவிட நல்ல பூட்டு கிடையாது. எழுந்தவன் கூனிக் குறுகி உட்கார்ந்துவிடுவான்.

இதே பூட்டைப் போட்டு ஒரு ராஜ்யத்தின் ஜனங்கள் இருபது வருஷம் வாயடைத்துக் கிடந்தார்கள். கடைசியில் கஜானாப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது பணம் இல்லை, பொறுப்பாளியும் இல்லை! அமெரிக்காவில் 1888-ல் நடந்த சங்கதி இது. பழைய கதைதான். ஆனால் நாளைக் காலையில் நம் சங்க ஆபீசிலும் நடக்கக்கூடிய கதை. ஆகவே சொல்லுகிறேன்.

பேரே 'நாணயஸ்தன்'

ஐக்கிய அமெரிக்காவில் கெண்டக்கி என்று ஒரு ராஜ்யம். புகையிலை, குதிரை, நிலக்கரி - இவைதான் அதன் பெயருக்குக் காரணம். அந்நாட்டுப் பல ராஜ்யங்களில் ஒரு வழக்கம் உண்டு. கவர்னரை மட்டுமல்ல, கஜானாவைக் காக்கும் பொக்கிஷதாரரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ராஜ்யத்துக்கு வரும் வரிப்பணத்தை வாங்கி வைப்பது, உத்தரவுப்படி எடுத்துக் கொடுப்பது, மிச்சத்துக்குப் பதில் சொல்வது - இதுதான் அவர் வேலை. கெண்டக்கியின் அன்றைய சட்டப்படி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்தத் தேர்தல்.

1867-ல் இந்த ஸ்தானத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் டேட். 1831-ல் பிறந்தவர். சர்க்கார் உத்தியோகங்களில் இருந்து படிப்படியாக மேலே வந்தவர். எல்லோரிடமும் இனிமையாகப் பேசுவார். யார் வந்து என்ன கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். ஜனங்கள் அவருக்கு வைத்த பேர் 'ஹானஸ்ட் டிக்'. நம் பேச்சில் சொன்னால், 'நாணயஸ்தன் டிக்'!

1867-ல் ஜெயித்தார். 1869-ல் ஜெயித்தார். 1871, 1873 என்று இரண்டிரண்டு வருஷமாக 1887 வரை ஜெயித்துக்கொண்டே போனார். மொத்தம் பதினொரு தேர்தல். கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு கவர்னர் தம் காலம் முடிந்ததும் அடுத்த தேர்தலிலேயே மறுபடி நிற்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. பொக்கிஷதாரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே நாற்காலிகள் எல்லாம் ஆள் மாறின. கஜானாச் சாவி மட்டும் கை மாறவில்லை.

எப்படி முடிந்தது? உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்த பிறகு கெண்டக்கியில் டெமாக்ரடிக் கட்சி வைத்ததுதான் சட்டம். அடிமை முறையைப் பறிகொடுத்த நிலக்காரர்களும், தெற்குப் படையில் சண்டை போட்டு வந்த பெரிய மனுஷர்களும் அதில் கோலோச்சினார்கள். டேட் முதலில் ஜெயித்த 1867-ல் நீக்ரோ மக்களுக்கு ஓட்டே கிடையாது. பெண்களுக்கு அந்தப் பதினொரு தேர்தலிலும் ஓட்டு இல்லை. அந்தக் கட்சியின் பட்டியலில் பேர் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பேரோடு 'நாணயஸ்தன்' என்ற பட்டமும் சேர்ந்துவிட்டால் மீதிக் கிணறும் தாண்டியாகிவிட்டது!

வாயால் போட்ட ஓட்டு

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். இன்று நாம் மறைவில் நின்று ஓட்டுப் போடுகிறோம். யாருக்குப் போட்டோம் என்பது நமக்கு மட்டும் தெரியும். டேட்டின் காலத்துக் கெண்டக்கியில் ராஜ்யத் தேர்தலுக்கு அப்படி இல்லை. ஓட்டுப் போடும் இடத்தில் அதிகாரி முன்னால் நின்று, "என் ஓட்டு இன்னாருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குமாஸ்தா அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். சுற்றி நிற்கிறவர்கள் காதில் விழும். நிலத்துக்காரன் காதில் விழும். கடன் கொடுத்தவன் காதிலும் விழும்.

குத்தகைக்கு உழுகிறவன் நிலத்துக்காரன் கண் எதிரில் நின்றுகொண்டு அவனுக்குப் பிடிக்காத பேரைச் சொல்வானா? வயல் வேலை செய்து பிழைக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழையின் ஓட்டு பகிரங்கம். கஜானாவின் கணக்கு ரகசியம். இரண்டும் தலைகீழ்! மறைக்க வேண்டியதை ஊர் அறியச் சொல்ல வைத்தார்கள். ஊர் அறிய வேண்டியதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். டேட்டின் இருபது வருஷ வெற்றிக்கு அடிப்படை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

1887 தேர்தலில் கவர்னர் ஸ்தானத்துக்கு நின்ற ரிபப்ளிகன் அபேட்சகர் பிராட்லி ஒரு கேள்வியைக் கிளப்பினார். "இத்தனை வருஷமாக ஒரே கையில் இருக்கிறதே, கஜானாவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் என்ன நடந்தது? பிராட்லி தோற்றார். தெற்குப் படையின் தளபதியாக இருந்த பக்னர் கவர்னரானார். டேட் மறுபடியும் ஜெயித்தார்.

ஆனால் போட்ட கேள்வி மண்ணில் விழுந்த விதை மாதிரி. முளைக்காமல் போகாது. புது ஆட்சி வந்ததும் கஜானாவைப் பரிசோதிக்க வேண்டும் என்ற பேச்சு சட்டசபையில் வலுத்தது. டேட் கொஞ்சம் அவகாசம் கேட்டார். புத்தகங்களைச் சரிசெய்ய வேண்டும் என்றார். நல்ல மனுஷன் கேட்கிறார், கொடுக்காமல் இருக்கலாமா? கொடுத்தார்கள்.

1888 மார்ச் 14. பிராங்க்பர்ட் நகரத்தில் அவருடைய ஆபீஸ். புகையிலை அடைக்கும் சாக்குப் பைகள் இரண்டில் டேட் பொன், வெள்ளி நாணயங்களை அள்ளிப் போடுவதை ஒரு குமாஸ்தா பார்த்தான். கையில் கனமான நோட்டுச் சுருள் வேறு. பாங்கியில் கட்டப் போகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். சந்தேகம் வரவில்லை. 'நாணயஸ்தன்' அல்லவா!

டேட் ரயில் ஏறி லூயிவில் நகரத்துக்குப் போனார். அங்கிருந்து சின்சினாட்டி போனதாகத் தெரிந்தது. அதன் பிறகு கெண்டக்கி அவரைப் பார்க்கவே இல்லை. மனைவியையும் மகளையும்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார். கனடாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் மகளுக்குச் சில கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் நின்றது. பிடித்துக் கொடுப்பவருக்கு 5,000 டாலர் இனாம் அறிவித்தார்கள். வாங்க யாரும் வரவில்லை. சட்டசபை குற்றம் சாட்டியது. செனட் விசாரித்துப் பதவியைப் பறித்தது. காலி நாற்காலிக்குத் தண்டனை!

கணக்குப் பார்த்தபோது குறைந்த தொகை சுமார் 2,47,000 டாலர். அந்தக் காலத்து டாலர், அந்தக் காலத்து ஏழை ராஜ்யம். நிலத்துக்கும் உடைமைக்கும் ஜனங்கள் கட்டின வரிப்பணம்.

இதெல்லாம் ஒரே நாளில் இரண்டு சாக்கில் போனதா? இல்லை. புத்தகங்களைப் புரட்டியபோது வருஷக்கணக்காக நடந்த கூத்து வெளிவந்தது. எழுத்து ஒழுங்காக இல்லை. டேட் தம் சொந்த லாபத்துக்கு நிலத்திலும் சுரங்கத்திலும் பணம் போட்டிருந்தார். பெட்டியில் பணத்துக்குப் பதில் கைமாற்றுச் சீட்டுகள் கிடந்தன. அரசியல் சிநேகிதர்களும் உத்தியோகஸ்தர்களும் கஜானாவிலிருந்து முன்பணமும் கடனும் வாங்கியிருந்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். கேட்க வேண்டிய ஸ்தானத்தில் இருந்தவர்கள் இருபது வருஷம் ஏன் கேட்கவில்லை? கடன் சீட்டு எழுதிக் கொடுத்தவன் வாய் கணக்குக் கேட்குமா? தேன் எடுத்தவன் புறங்கையை நக்கினான் என்பது பழமொழி. இங்கே எடுத்தவன் மட்டும் நக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கைக்கும் கொஞ்சம் தடவிவிட்டான். அப்படித் தடவப்பட்டவர்கள்தான் "டிக் நாணயஸ்தன்" என்று ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆளை மாற்றினால் போதுமா?

கெண்டக்கி பாடம் கற்றது. பாதி சரியாகக் கற்றது, பாதி தப்பாகக் கற்றது.

1891-ல் புது அரசியல் சட்டம் வந்தது. ராஜ்யம் முழுவதற்கும் தேர்ந்தெடுக்கப்படும் பொக்கிஷதாரர் முதலான அதிகாரிகள் தொடர்ச்சியாக இரண்டாம் முறை அதே பதவிக்கு நிற்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். இந்த விதி நூறு வருஷம் நீடித்தது. 1992-ல்தான் திருத்தி, இன்னொரு முறை நிற்கலாம் என்றார்கள். ஒருவர் செய்த திருட்டின் நிழல் அத்தனை நீளம்!

ஒரே ஆள் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஆளை மாற்றுவதால் மட்டும் பணம் பத்திரமாகிவிடாது. திருட நினைப்பவனுக்கு ஒரு தவணை போதாதா? யோக்கியன் ஒருவன் நன்றாக வேலை செய்தால் அவனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது அந்த விதி.

செய்ததில் உருப்படியான காரியங்கள் வேறு. ராஜ்யத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கத் தனி அதிகாரி ஒருவரை ஏற்படுத்தினார்கள். அதே 1891 சட்டத்தில் வாய் ஓட்டை ஒழித்து ரகசிய ஓட்டைக் கொண்டுவந்தார்கள். தலைகீழாக இருந்ததை நேராக நிறுத்தின காரியங்கள் இவைதான்.

படியும் மரக்காலும்

"இதெல்லாம் சரி ஐயா. ஆனால் நம் ஆட்களிடமே கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒற்றுமை கெட்டுவிடாதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். கவலையோடு கேட்கிற கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது கடமை.

கூலி நெல் அளக்கும் களத்தை நினைத்துப் பாருங்கள். "நான் பார்த்துப் போடுகிறேன். மரக்கால் எதற்கு? என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று மிராசுதார் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? ஆலையில் நெய்த துணியை அளக்காமல், "சுமார் இவ்வளவு இருக்கும்" என்று கூலி போட்டால் விடுவோமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னது யாரையும் திருடன் என்று சொல்வதற்காக அல்ல. அளவு என்பது சந்தேகம் ஆகாது. அளவு என்பது ஒழுங்கு.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு சிறு சங்கத்துக்கு நான் பொருளாளனாக இருந்தேன். ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "ரசீதுப் புத்தகங்களைக் காட்டுங்கள்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கு உழைக்கிறேன், என்னையா கேட்கிறாய் என்று கத்தினேன். கூட்டமும் என் பக்கம் பேசி அவரை உட்கார வைத்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விளக்கை ஏற்றி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரசீதுப் புத்தகத்தைக் காணோம்! மறுநாள் தேடினால், வசூலுக்குப் போன ஒரு தோழர் வீட்டுப் பரணில் கிடந்தது. பணமும் பத்திரமாக இருந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் அந்தத் தோழர் கேட்காமல் இருந்திருந்தால்? ஒரு வருஷம் கழித்து வேறொருவர் கண்டுபிடித்திருந்தால் என் பேர் என்ன ஆகியிருக்கும்? கேட்டவர் என்னை அவமானப்படுத்தவில்லை. என்னைக் காப்பாற்றினார். அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

டேட் பிறக்கும்போதே திருடனாகப் பிறந்தார் என்று நான் நம்பவில்லை. முதல் கைமாற்றுக் கொடுத்த அன்றே யாராவது பெட்டியைத் திறக்கச் சொல்லியிருந்தால், அவர் கடைசிவரை அந்தப் பேருக்குத் தகுந்தவராகவே இருந்திருக்கலாம். கேட்காத ஜனங்கள் கஜானாவை மட்டும் இழக்கவில்லை. ஒரு மனுஷனையும் இழந்தார்கள்.

ஆகவே தோழர்களே! சந்தா கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மாதாமாதம் வரவு செலவை எழுதிச் சங்க ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பொருளாளர் எழுதும் புத்தகத்தை, அவரிடம் கடன்படாத வேறு இரண்டு பேர் எண்ணிப் பார்க்கட்டும். பொருளாளராக இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒருவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.

ஓட்டு ரகசியமாக இருக்கட்டும். கணக்கு பகிரங்கமாக இருக்கட்டும்!