டப்பா வாங்குறதுக்கு முன்னாடி மாடிக்குப் போங்க

அக்டோபர் மழை ஆரம்பிச்சதும் ஏதாவது ஒரு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்துடும்: சீலிங்ல பழுப்பு நிறத்துல ஒரு வட்டம். உடனே "ஒரு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்"னு ஒரு சித்தப்பா சொல்லுவார். அப்புறம் கேள்வி நம்ம பக்கம் திரும்பும்: "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற?" சிவிலா, ஈசிஇ-யான்னு யாரும் கேட்க மாட்டாங்க.

என் கருத்து இதுதான். மொட்டை மாடி ஒழுகலை நாமளே சரி பண்ணலாம், எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும். ஆனா வேலை பெயின்ட் டப்பாவுல ஆரம்பிக்கக் கூடாது.

ஒழுகலுக்கு பெரும்பாலும் காரணம் மழை இல்ல, மாடியில தேங்குற தண்ணி. நம்ம ஊர்ப் பழைய கொத்தனார்களுக்கு இது நல்லாத் தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறின தண்ணியை விட்டு, அடிச்சு கெட்டியாக்கி, மேல தட்டோடு பதிச்சாங்க. அந்தத் தளத்தோட முக்கியமான வேலையே சரிவு கொடுக்கிறது. 100 செ.மீ.க்கு 1 செ.மீ.யாவது இறக்கம் இருந்தாத்தான் தண்ணி ஓடும். சரிவே இல்லாத மாடிக்கு எத்தனை கோட் அடிச்சாலும், தண்ணி நின்னு ஊறி பூச்சு உரிஞ்சு வரும்.

அதனால மழை விட்டு அரை மணி நேரம் கழிச்சு ஒரு சாக்பீஸோட மாடிக்குப் போங்க. தண்ணி நிக்கிற இடத்தையெல்லாம் வட்டம் போடுங்க. வடிகால் ஓட்டையில இலை அடைச்சிருக்கா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை பிளந்திருக்கா, பைப் நுழையிற இடத்துல இடைவெளி இருக்கான்னு பாருங்க. கீழே கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு நம்பாதீங்க. தண்ணி தளத்துக்குள்ள பக்கவாட்டுல நகர்ந்து, வழி கிடைச்ச இடத்துல இறங்கும்.

சரி பண்ற வேலையை ஏப்ரல், மே மாசத்துல வச்சுக்கோங்க. தளம் நல்லா காய்ஞ்சிருக்கும். பாசியை கம்பி பிரஷ்ஷால சுரண்டுங்க. வெடிப்பை 'வி' வடிவத்துல கொஞ்சம் பெருசாக்கி, பாலிமர் கலந்த கலவையால அடைங்க. பள்ளத்தை நிரப்பி சரிவு கொடுங்க. சுவர் மூலையில கலவையை வளைவாப் பூசுங்க. எல்லாம் காய்ஞ்சதும் கடைசியா பெயின்ட்: ஒரு கோட் கிழக்கு மேற்கா, அடுத்தது வடக்கு தெற்கா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிச்சிடுங்க.

"இதுக்குத்தான் ஆள் இருக்காங்களே"ன்னு நீங்க கேட்கலாம். தாராளமா கூப்பிடுங்க. ஆனா "எத்தனை வருஷம் வாரண்ட்டி?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவங்க கையில பணத்தைக் கொடுக்காதீங்க.

ஒரு இடத்துல மட்டும் நம்ம கைவேலையை நிறுத்திக்கணும். சீலிங்ல சிமென்ட் உப்பி உதிர்ந்து கம்பி தெரிஞ்சா, உள்ளே துரு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்குது. அதை வெள்ளையடிச்சு மறைக்காம, முதல்ல அதுக்குக் கீழ இருக்கிற கட்டிலை நகர்த்துங்க. அப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க.