ஹீற் பம்பும் பேஸ்மன்ற் பிள்ளைகளும்



போன கிழமை பழைய மாணவர் குழுவில் ஒருவர் போட்ட பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்திருந்தேன். இனி முடியாது. "கனடாக் குளிருக்கு ஹீற் பம்ப் பூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணி அள்ளுற வேலை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைதட்டல் படம் போட்டவர்களில் பதினொரு பேர் என்னிடம் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்கள். எண்ணிப் பார்த்தேன். பிழை என்னுடைய படிப்பித்தலாகவும் இருக்கலாம் என்பதால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கிறேன்.

ஊசி போட முன் தாதி கையில் ஸ்பிரிற் தடவினால் ஏன் குளிர்கிறது? திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் அடி ஏன் சுடுகிறது? அமுக்கினால் வாயு சூடாகிறது. இவ்வளவுதான் ஹீற் பம்ப். வெளியே நிற்கும் பெட்டிக்குள் ஓடுகிற திரவம் சாதாரண அமுக்கத்தில் மைனஸ் 50 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதற்கு எங்கள் மைனஸ் 15 பாகைக் காற்று அடுப்படிச் சூடு மாதிரி. அந்தச் சூட்டை வாங்கி ஆவியாகும், அமுக்கி அதை இன்னும் சூடாக்கி, வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்ப வெளியே போகும். உங்கள் பிறிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. "வெளியில ஐஸ் கொட்டுது ரீச்சர், சூடு எங்க இருக்கு?" என்று கேட்டால், வெப்பம் முற்றாக இல்லாமற் போவது மைனஸ் 273 பாகையில். ஸ்காபரோ இன்னும் அவ்வளவுக்குக் குளிரவில்லை.

இது நேற்று வந்த சாமானும் இல்லை. கெல்வின் பிரபு 1852 இலேயே இந்த யோசனையை எழுதிவைத்தார். சூரிச் நகரமண்டபம் 1938 இலிருந்து பக்கத்து ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். சுவரோரம் நீளமாகக் கிடக்கும் பேஸ்போர்ட் ஹீற்றர் ஒரு யூனிற் மின்சாரம் வாங்கினால் ஒரு யூனிற் சூடு தரும். அதற்கு மேல் அதால் ஏலாது. குளிர்நாட்டுக்கென்று செய்த நல்ல ஹீற் பம்ப், பூச்சியத்துக்குச் சற்று மேலே ஏறக்குறைய மூன்று யூனிற் தரும். மைனஸ் 15 இல் இரண்டு அளவில் தரும். இன்னும் குளிர்ந்தால் குறையும், உண்மை. ஆனால் ரொறன்ரோவில் மைனஸ் 20 வருஷத்தில் எத்தனை நாள்? அந்த நாட்களுக்குப் பழைய ஹீற்றரைக் கழற்றாமல் வைத்திருந்தால் போதும்.

நோர்வேயில் இருக்கிற எங்கள் சனத்தைக் கேளுங்கள். பின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பிறகு ஒஸ்லோப் பக்கம் இறங்கிய குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன. அங்கும் முன்பு வீடெல்லாம் மின்சார ஹீற்றர்தான். 2002, 2003 குளிர்காலத்தில் மின்சார விலை தாறுமாறாக ஏறியது. 2003 இல் அரசாங்கம் மானியம் கொடுத்தது, சனம் ஹீற் பம்புக்கு மாறத் தொடங்கியது. இன்று வீட்டுக் கணக்கில் ஐரோப்பாவிலேயே ஹீற் பம்ப் அதிகம் உள்ள நாடுகள் நோர்வே, சுவீடன், பின்லாந்து. மூன்றும் குளிருக்குப் பேர்போன நாடுகள். என் தங்கச்சியின் மகள் வீட்டில் வரவேற்பறைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அது பூட்டியிருக்கிறது. "பெரியம்மா, இதை விட்டால் மார்கழியில பில் கட்டேலாது" என்றாள்.

சரி, இந்தப் பதிவு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியவர் வீட்டுச் சொந்தக்காரர். அவருடைய பேஸ்மன்றில் ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பேஸ்போர்ட் ஹீற்றர், மெல்லிய யன்னல், ஹைட்ரோ பில் அவர்கள் தலையில். அவர்கள்தான் "ஒரு சின்ன ஹீற் பம்ப் போட்டுத் தருவீங்களோ, அண்ணை?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் குழுவில் நக்கல்.

நானும் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தைப் பேஸ்மன்றில்தான் கழித்தேன். ஹீற்றரைக் கூட்டுவேன், பில்லை நினைத்துக் குறைப்பேன், இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருப்பேன். சுவரில் பூஞ்சணம் பிடித்தது. அந்த இருமல் சித்திரை வரை போகவில்லை.

அதனால்தான் கோபம் வருகிறது. "வேலை செய்யாது" என்று சொல்கிறவர் பில் கட்டுகிறவராக இருந்தால் பேசலாம். மேல்மாடியில் இருந்துகொண்டு கீழே இருப்பவனின் பில்லை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாது, தம்பி. ஒரு அறைக்கு மட்டும் பூட்டினாலும் சில ஆயிரம் டொலர் முடியும், மறுக்கவில்லை. ஆனால் வீடும் உன்னுடையது, பெட்டியும் உன்னுடையது. கோடையில் அதே பெட்டி குளிரும் தரும், பேஸ்மன்றின் ஈரத்தையும் இழுக்கும்.

காஸ் அடுப்பில் சூடாகும் வீட்டுக்காரருக்கு நான் இதே வேகத்தில் சொல்ல மாட்டேன். இங்கே காஸ் மலிவு, பில்லில் பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். உங்கள் ஏசி பழுதாகும் நாளில் மட்டும் யோசியுங்கள். ஏசியும் ஹீற் பம்பும் ஒரே இயந்திரம், பின்னது இரண்டு பக்கமும் ஓடும். புது ஏசிக்குக் காசு கொடுக்கத்தானே போகிறீர்கள்.

இன்னொரு பயத்தையும் தெரியும். என் சொந்தக்காரர் ஒருவர் வாசலில் வந்தவனிடம் பத்து வருஷ வாடகைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு இன்னும் அழுகிறார். அந்த ஏமாற்றுக்காரனை இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒன்ராறியோவில் அழைக்காமல் வாசலுக்கு வந்து இந்தச் சாமான்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது 2018 இலிருந்து தடை. வந்தால் கதவைச் சாத்துங்கள். நீங்களே மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். எத்தனை பாகை வரை முழுச் சூடு தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பனிக்கு மேலே உயர்த்திப் பூட்டச் சொல்லுங்கள். குளிர் நாளில் அதிலிருந்து புகை மாதிரி வரும், பயந்து 911க்கு அடிக்காதீர்கள். அது தன்மேல் பிடித்த உறைபனியை உருக்குகிற ஆவி.

பதிவு போட்ட தம்பிக்கு: ஐப்பசிக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முடிவு சொல்லு. தைப்பொங்கலுக்கு நான் உன் வீட்டுக்கு வருவேன். முழங்கால் படி இறங்க விடாது, என்றாலும் முதலில் கீழேதான் இறங்கிப் பார்ப்பேன்.

உங்கள் ரீச்சர்