அப்பாவும் வரட்டும்



சாரணியர் முகாமுக்கான அனுமதிக் கடிதங்கள் திரும்பி வரும் நாள்களில் ஆசிரியர் அறையில் என் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஆண்பிள்ளைகளின் கடிதங்களில் கையொப்பம் இருக்கும். பெண்பிள்ளைகளின் கடிதங்கள் பலவும் வெறுமையாகவே வந்து சேரும். காரணம் கேட்டால், "அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாரு சார்" என்பதுதான் பதில். எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இந்த அப்பாக்கள் என்று நான் முழங்கியதுண்டு.

ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகள் அதே போன்றதொரு கடிதத்தை என்னிடம் நீட்டியபோது நானும் கையொப்பமிடவில்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் போலும். "அடுத்த ஆண்டு பார்க்கலாம் ம்மா" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கடிதத்தை நான்காக மடித்துப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து எங்கள் திருச்சபையில் தந்தை, மகள் முகாம் ஒன்றை அறிவித்தார்கள். மார்ச் விடுமுறையில் ஒரே ஓர் இரவு. உலு லங்காட்டில், சுங்கை சொங்காக் காட்டுப் பகுதியில். தந்தை வராமல் மகள் வர முடியாது. தந்தை இல்லாத பிள்ளைகளுக்குத் தாத்தாவோ தாய்மாமனோ வரலாம். மறுப்பதற்கு எனக்கிருந்த ஒரே காரணமும் போயிற்று!

என் துணைவியார் முதலில் சம்மதிக்கவில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில் பத்தாங் காலி முகாமின்மீது மண் சரிந்து 31 உயிர்கள் பலியானதை யார்தான் மறப்பார்? அந்த அச்சம் நியாயமானது. ஆகவே போதகரிடம் நேரில் சென்று கேட்டோம். கூடாரம் மலைச்சரிவுக்கு அடியிலா? ஆற்றின் விளிம்பிலா? இரவில் யார் விழித்திருப்பார்கள்? பதில்கள் தெளிவாக இருந்தன. சரிவையும் ஆற்றையும் விட்டு விலகிய சமதரையில்தான் கூடாரம். தந்தையர் இருவர் இருவராக முறைவைத்துக் காவல். பிறர் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக் கூடாது. மலைமேல் இருண்டால், கீழே வெயில் அடித்தாலும் ஆற்றில் இறங்கக் கூடாது. மலாயில் 'கெப்பாலா ஆயேர்' எனப்படும் திடீர்ப் பெருக்கு வருமுன் நீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும் என்பதைப் பிள்ளைகளுக்கே முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி முகாம்களின் பொறுப்பாசிரியர்களும் இவற்றையெல்லாம் கடிதத்திலேயே எழுதிவிட்டால் கையொப்பம் பாதி தானே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

முகாமில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூடாரம் அமைக்கத் தெரியாமல் அரைமணி நேரம் தடுமாறினேன். மகள்தான் கம்பிகளை மாட்டி நிறுத்தினாள். சாரணியர் பயிற்சியில் கற்றதாம்! சோறு அடிப்பிடித்தது, சார்டின் கறி தப்பியது. அவள் காலில் அட்டை ஏறியபோது, பால்மரம் வெட்டிவிட்டு வரும் என் தந்தையார் செய்வதுபோல் உப்பைத் தடவி விழவைத்தேன். தாத்தாவைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, விடியுமுன் தலைவிளக்கோடு அவர் போனதைப் பற்றி அவள் கேட்டது அன்றுதான். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு நான் இதையெல்லாம் சொன்னதே இல்லை.

இரவு ஜெபம் முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு, மரங்கள் மறைக்காத வெட்டவெளியில் பாய் விரித்துப் படுத்தோம். வானம் தெளிந்திருந்தது. ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை அவளுக்குச் சுட்டிக் காட்டினேன்.

"எங்கப்பா?"

"அதோ, மேற்கே."

"எனக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியுது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நான்காம் ஆண்டிலிருந்தே வெண்பலகையில் எழுதுவது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்துத் தோழியின் ஏட்டைப் பார்த்துத்தான் எழுதி வந்திருக்கிறாள். கணிதத்தில் மதிப்பெண் குறைந்ததற்கு நான் செய்தது என்ன? கடிந்துகொண்டேன், இன்னொரு டியூஷன் வகுப்பில் சேர்த்துவிட்டேன். (யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. டியூஷன் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.) என் வகுப்பில் ஒரு மாணவன் கண்ணை இடுக்கிப் பார்த்தால் அன்றே அவன் பெற்றோரை அழைக்கும் ஆசிரியன் நான்!

"ஏன் ம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க வீட்டுக்கு வந்தா நோட்டு திருத்திக்கிட்டே இருக்கீங்க அப்பா" என்றாள். அதில் குறைகூறும் தொனிகூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

இப்போது கண்ணாடி அணிந்திருக்கிறாள். அந்த டியூஷன் வகுப்பை நிறுத்திவிட்டோம்.

நம் தந்தையர் உழைத்துக் களைத்து வருகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பெண்பிள்ளை பத்து வயதைத் தொட்டதும், இனி அம்மா பார்த்துக்கொள்வாள் என்று தந்தை ஓரடி தள்ளி நின்றுகொள்கிறார். தோழி யார், பள்ளியில் என்ன நடந்தது, எதற்கு அழுதாள் என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. முகாமுக்குப் போகக் கூடாது என்று சொல்லும்போது மட்டும் அவரே முன்வருகிறார். தள்ளி நிற்பவருக்குத் தடுக்க மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது? பயமாக இருந்தால் கூடப் போகலாமே!

இது திருச்சபைக்கு மட்டும் உரிய காரியமன்று. கோயில் நிருவாகத்தினர் செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யலாம். செலவு அதிகமில்லை. எங்களுக்கு ஆனது கூடார வாடகையும் அரிசியும் சில சார்டின் டின்களுந்தான்.

சென்ற வாரம் எங்கள் பள்ளியில் மீண்டும் கடிதங்கள் வந்தன. லோரி ஓட்டும் ஒரு தந்தை கையொப்பமிடாமல் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "சார், நானும் வந்து வெளியே வண்டியில் படுத்துக்கொள்ளலாமா?" அதன் கீழே, வண்டிக்குப் பதிலாக ஒரு கூடாரம் கொடுக்கலாம் என்று எழுதித் தலைமையாசிரியரின் மேசையில் வைத்திருக்கிறேன்.