சீட்டு கிடைத்தது, சுலோகம் புரியவில்லை

வாதம், பித்தம், கபம் எல்லாம் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் ஆச்சி வாயால் கேட்டு வளர்ந்த சொற்கள். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் அவை அஷ்டாங்க ஹிருதயத்தின் சமஸ்கிருத சுலோகங்களாக வந்து நிற்கின்றன. இருமொழிக் கொள்கை உள்ள மாநிலத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தேவநாகரி எழுத்தே புதிது. ஒரே ‘க’ எழுதிப் பழகிய கைக்கு அங்கே நாலு ‘க’. இந்தப் பக்கம் உடற்கூறியல் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் உயிரியல் படித்தவருக்கு இரண்டு சுமையும் ஒரே நேரத்தில் தலையில் ஏறுகின்றன.

2009-இல் தொடங்கிய இந்தக் கல்லூரியில் 60 இடங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே வர வழி செய்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது. அரசு 2020-இல் ஏழரைக்குச் சட்டம் போட்டது. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. நல்ல காரியம், மறுப்பேயில்லை. ஆனால் அது சேர்க்கைக்கான சட்டம். சேர்ந்த பிறகு பிள்ளை தடுமாறினால் கைகொடுப்பது அதன் வேலையில்லை.

தொடக்கத்தில் 15 வேலை நாள் அறிமுகப் பயிற்சிக்கு தேசிய இந்திய மருத்துவ ஆணையம் இடம் வைத்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான பயிற்சி அது. பதினைந்து நாளில் எழுத்துக் கூட்ட வரலாம். சுலோகத்தைப் பதம் பிரிக்க வராது.

ஐஐடிகளில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு வெகுகாலமாக இருக்கிறது. பொறியியலுக்குத் தோன்றிய யோசனை மருத்துவத்துக்கு ஏன் தோன்றவில்லையோ!

நேரமும் இருக்கிறது. மே மாதம் நீட் எழுதுகிற பிள்ளை, எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு முடிந்து ஆயுஷ் கலந்தாய்வு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறது; வீட்டுக் கஷ்டத்தில் சிலர் ஏதாவது கடையில் வேலைக்கும் நிற்கிறார்கள். தரவரிசை வந்ததும் அவர்களைக் கோட்டாறுக்கு அழைத்து ஆறு வாரம் தங்க வைத்து, தேவநாகரியும் மருத்துவ ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம். உதவித்தொகை இல்லாவிட்டால் வரமாட்டார்கள், அதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். கடைசிச் சுற்றில் தாமதமாகச் சேர்பவர்களுக்கு முதலாண்டு முழுக்க மாலை வகுப்பு. சீனியர் மாணவர்களையே ஊதியம் கொடுத்து அமர்த்தலாம்.

செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. கோட்டாறில் இந்த ஒதுக்கீட்டின்படி ஆண்டுக்கு நாலைந்து பேர்தான் வருவார்கள். பக்கத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதே வழியில் சேர்பவர்களையும் கூட்டினால்கூட ஒரு வகுப்பறை நிறையாது. இந்திய மருத்துவத் துறையும் மருத்துவக் கல்வித் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதும். துறைகள் இரண்டு என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

2022 ஏப்ரலில் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாண்டுகளில் மறுஆய்வு செய்யவும் சொன்னது. அந்தக் கெடு 2027. இப்படிச் சேர்ந்தவர்களில் முதலாண்டு தேறியவர் எத்தனை, அரியர் வைத்தவர் எத்தனை, நின்றுவிட்டவர் எத்தனை? தேர்வு நடத்தும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில் மதிப்பெண்கள் இருக்கின்றன. பெயர் வேண்டாம்; மறுஆய்வுக்கு முன்பே கல்லூரிவாரியாக எண்ணிக்கையை வெளியிடட்டும்.